எஸ்பிஎஃப் போட்ட பிறகும் எங்கள் பெயரில் போலி மெயில் போகிறது. அப்புறம் அது எதற்கு?

9 ஜூன் 2025, கேள்வி

குழித்துறை பக்கம் சின்ன அண்டி ஆபீஸ் (முந்திரிப்பருப்பு ஆலை) எங்களுடையது. பருப்பு துபாய்க்குப் போகிறது. சொந்த டொமைன் இருக்கிறது, ஹோஸ்டிங்காரர் சொன்னபடி எஸ்பிஎஃப் ரெக்கார்டும் (எங்கள் டொமைன் பெயரில் எந்தெந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல்) போட்டாயிற்று. போன வாரம் துபாய் பார்ட்டி போன் போட்டு, "பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது, இனி இதில் பணம் போடுங்கள் என்று மெயில் வந்திருக்கிறதே, நீங்கள் அனுப்பியதா?" என்று கேட்கிறார். நாங்கள் அனுப்பவே இல்லை. ஆனால் அனுப்பியவர் இடத்தில் எங்கள் முகவரிதான், ஒரு எழுத்துகூட மாறவில்லை. எஸ்பிஎஃப் வெறும் கண்துடைப்பு என்றுதான் எனக்குப் படுகிறது. இதனால் யாருக்காவது பிரயோஜனம் உண்டா?

9 ஜூன், இரவு

கண்துடைப்பு இல்லை தம்பி. அது பாதி வேலை. மீதிப் பாதியை உங்கள் ஹோஸ்டிங்காரர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

மெயில் ஓடுகிற எஸ்எம்டிபி விதிமுறை 1982இல் வந்தது. ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821. (இணைய விதிகள் வெளியாகும் ஆவண வரிசைக்கு ஆர்எஃப்சி என்று பெயர்.) அன்றைக்கு அந்த வலையில் இருந்தவை கொஞ்சம் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான். அனுப்புகிறவர் தன் பெயரைச் சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். நாம் இன்று படுகிற பாடெல்லாம் அங்கே தொடங்கியது.

ஒரு மெயிலில் அனுப்புநர் முகவரி இரண்டு இடத்தில் வரும். தபாலில் உறைமேல் ஒரு அனுப்புநர் விலாசம், உள்ளே லெட்டர்ஹெட்டில் இன்னொரு விலாசம் இருப்பதுபோல. உறைமேல் இருப்பது சர்வரும் சர்வரும் பேசிக்கொள்ளும்போது சொல்லப்படுவது. மெயில் திரும்பி வந்தால் அங்கேதான் வரும். உள்ளே இருக்கிற ஃப்ரம் வரியைத்தான் நாமும் துபாய்க்காரரும் திரையில் பார்க்கிறோம். எஸ்பிஎஃப் பார்ப்பது உறையை மட்டும். உள்ளே யார் பெயர் போட்டிருக்கிறது என்று அது எட்டிப் பார்ப்பதே இல்லை.

திருடனுக்கு இது போதும். சல்லிசாக ஒரு டொமைன் வாங்குவான், அதற்கு ஒழுங்காக எஸ்பிஎஃப் போடுவான். உறையில் தன் டொமைன், உள்ளே உங்கள் டொமைன். எஸ்பிஎஃப் பாஸ் ஆகிவிடும்.

துபாய்க்காரரிடம் அந்த மெயிலை ஃபார்வர்டு செய்யச் சொல்லாதீர்கள். ஃபார்வர்டு செய்தால் பழைய தலைப்பு வரிகள் (மெயில் வந்த வழியைச் சொல்லும், திரையில் தெரியாத வரிகள்) போய்விடும். ஜிமெயில் என்றால் கம்ப்யூட்டரில் திறந்து, மூன்று புள்ளியைத் தட்டி, ஷோ ஒரிஜினல் கொடுத்து, வருவதை அப்படியே ஃபைலாக இறக்கி அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் எஸ்பிஎஃப் ரெக்கார்டையும் இங்கே போடுங்கள்.

10 ஜூன்

தலைப்பு வரிகள் வந்தன. நினைத்தபடிதான். ரிட்டர்ன்-பாத் என்ற வரியில், அதாவது உறைமேல் விலாசத்தில், சம்பந்தமே இல்லாத ஒரு டொமைன். அதற்குக் கீழே அத்தென்டிகேஷன்-ரிசல்ட்ஸ் வரியில் எஸ்பிஎஃப் பாஸ், டிகிம் நன், டிமார்க் நன். நன் என்றால் அப்படி எதுவும் இல்லை என்று அர்த்தம், அந்த இரண்டையும் கீழே சொல்கிறேன். பாஸ் என்பதை ஒட்டியே எந்த டொமைனுக்குப் பாஸ் என்றும் எழுதியிருக்கிறது. அது உங்கள் டொமைன் இல்லை, அவனுடையது. அந்த ஒரு சொல்லைத் தாண்டிப் படித்துப் பழகவேண்டும்.

ரெக்கார்டிலும் கோளாறு இருக்கிறது. உங்கள் டொமைனுக்கு இரண்டு எஸ்பிஎஃப் வரிகள் நிற்கின்றன. ஒன்று ஹோஸ்டிங்காரர் போட்டது. இன்னொன்று கூகுளின் ஆபீஸ் மெயில் சேவையான வொர்க்ஸ்பேஸுக்கு மாறியபோது யாரோ சேர்த்தது. ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் வரிதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் எது சரி என்று தேர்ந்தெடுக்காமல், நிரந்தரப் பிழை என்று முடிவு சொல்லச் சொல்கிறது விதி. அதாவது உங்கள் எஸ்பிஎஃப் மாறிய நாளிலிருந்தே செத்துக் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரே வரியாக எழுதுங்கள். இன்க்ளூட், ஏ, எம்எக்ஸ் மாதிரி டிஎன்எஸ்ஸை (டொமைன் விவரங்கள் இருக்கிற பொதுப் பதிவேட்டை) கேட்கவைக்கிற சொற்கள் பத்தைத் தாண்டக்கூடாது. இன்க்ளூடுக்குள் இருக்கிற இன்க்ளூடும் கணக்கில் சேரும்.

அப்புறம் டிகிம். அனுப்பும் ஒவ்வொரு மெயிலிலும் உங்கள் டொமைன் பெயரில் சர்வர் போடுகிற டிஜிட்டல் கையெழுத்து அது. வொர்க்ஸ்பேஸ் அட்மினில் ஒரு பட்டன். சாவியை உருவாக்கி டிஎன்எஸ்ஸில் ஒட்டி, திரும்ப வந்து ஸ்டார்ட் அத்தென்டிகேஷன் கொடுத்தால் முடிந்தது. 2048 பிட் எடுங்கள். 2012இல் கூகுளே 512 பிட் சாவி வைத்திருந்து, வெளியாள் ஒருவர் அதை உடைத்து, கூகுள் நிறுவனர் ஒருவர் பெயரிலேயே மெயில் அனுப்பிக் காட்டினார். அதன் பிறகுதான் சாவியின் நீளத்தை எல்லோரும் கவனிக்க ஆரம்பித்தார்கள்.

கடைசியாக டிமார்க். இதுதான் விட்டுப்போன மீதிப் பாதி. எஸ்பிஎஃப்போ டிகிம்மோ, எதில் பாஸ் ஆனாலும் சரி, அந்தப் பாஸ் கண்ணுக்குத் தெரிகிற ஃப்ரம் டொமைனோடு ஒத்துப்போக வேண்டும் என்று கேட்பது அது ஒன்றுதான். ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்யலாம் என்பதையும் டொமைன்காரரே சொல்லிவைக்கலாம்: சும்மா விடு, ஸ்பேமில் போடு, திருப்பி அனுப்பு. முதலில் சும்மா விடச் சொல்லி, அறிக்கை மட்டும் கேளுங்கள். எடுத்த எடுப்பில் ரிஜெக்ட் போட வேண்டாம்.

12 ஜூன்

"எஸ்பிஎஃப் வந்து இவ்வளவு வருஷம் ஆகிறது, ஸ்பேம் குறைந்ததா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஸ்பேமை ஒழிப்பது அதன் வேலையே இல்லை. இதை அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் ஆரம்பத்தில் அப்படித்தான் நம்பவைத்தார்கள். 2004 ஜனவரியில் டாவோஸில் பில் கேட்ஸ் இன்னும் இரண்டே வருஷத்தில் ஸ்பேம் தீர்ந்துவிடும் என்றார். அதே சமயம்தான் மெங் வெங் வாங் முன்வைத்த எஸ்பிஎஃப்பையும் மைக்ரோசாஃப்டின் காலர் ஐடி என்ற இதேமாதிரி மெயில் முறையையும் சேர்த்து சென்டர் ஐடி என்று ஒன்றைப் பொதுவிதியாக்கப் பார்த்தார்கள். மைக்ரோசாஃப்டின் காப்புரிமை நிபந்தனையை, கட்டற்ற மென்பொருள் அமைப்புகளான அப்பாச்சியும் டெபியனும் ஏற்க மறுத்தன. அந்த ஆண்டு செப்டம்பரில், விதியை எழுதிக்கொண்டிருந்த குழுவையே கலைத்தார்கள். எஸ்பிஎஃப் 2006இல் சோதனை நிலையில் ஆர்எஃப்சி 4408ஆக வந்து, முறையான தரமாக ஆனது 2014இல், ஆர்எஃப்சி 7208. பத்து வருஷம் போய்விட்டது.

அதற்குள் ஸ்பேம் அனுப்புகிறவர்களும் தங்கள் டொமைன்களுக்கு எஸ்பிஎஃப் போட்டுக்கொண்டார்கள். அதில் தப்பே இல்லை. எஸ்பிஎஃப் சொல்வது "இது இன்னாருடையது" என்பது மட்டும். அந்த இன்னார் நல்லவரா என்பது வேறு கேள்வி. ஆனால் முதல் கேள்விக்கு விடை இல்லாமல் இரண்டாவதைக் கேட்கவே முடியாது. கெட்ட டொமைன் என்று ஒன்றை அடையாளம் வைக்கவேண்டுமென்றால், அந்தப் பெயரில் வருவதெல்லாம் உண்மையிலேயே அதனிடமிருந்து வருகிறது என்பது உறுதியாக வேண்டும். இல்லாவிட்டால் அடி விழுவது உங்கள் அண்டி ஆபீஸ் பெயருக்கு.

15 ஜூன்

எஸ்பிஎஃப் வரியின் கடைசியில் மைனஸ் ஆலா (-all, பட்டியலில் இல்லாதது போலி), டில்டே ஆலா (~all, பட்டியலில் இல்லாதது சந்தேகம் மட்டும்) என்று கேட்டார்கள். நான் பல வருஷம் மைனஸ்தான் என்று சொல்லிவந்தவன். பட்டியலில் இல்லாதவன் போலி என்று அடித்துச் சொல்வது எனக்குப் பிடிக்கும். டிமார்க் இல்லாத டொமைனுக்கு இப்போதும் அதையே சொல்வேன். ஆனால் டிகிம்மும் டிமார்க்கும் ஒழுங்காக இருந்தால் டில்டேவே மேல்.

காரணம் ஃபார்வர்டு. இங்கே எத்தனையோ பேர் பழைய காலேஜ் முகவரிக்கு வருவதை ஜிமெயிலுக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். அப்படித் திரும்பும் மெயில் காலேஜ் சர்வரிலிருந்து ஜிமெயிலுக்குப் போகிறது. அந்த சர்வர் உங்கள் பட்டியலில் இல்லை, எஸ்பிஎஃப் ஃபெயில். டிகிம் கையெழுத்து மெயிலோடேயே போவதால், வழியில் யாரும் உள்ளே கை வைக்காவிட்டால் தப்பிக்கும். டிமார்க்குக்கு அது ஒன்றே போதும். ஆனால் மைனஸ் ஆல் பார்த்தவுடனே, டிகிம்மைப் படிக்காமல் வாசலிலேயே திருப்பி அனுப்புகிற சர்வர்கள் உண்டு. டிமார்க்கின் ஆர்எஃப்சி 7489லேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது.

மெயிலிங் லிஸ்ட் இன்னும் சிக்கல். வளைகுடாவில் இருக்கிற நம் ஊர்க்காரர்களுக்கான ஒரு குழுவில் நான் இருக்கிறேன். தூத்தூர், வள்ளவிளை பையன்கள், நர்ஸுகள், கட்டட வேலைக்காரர்கள் எல்லோரும் உண்டு. குழு மென்பொருள் சப்ஜெக்ட் வரியில் குழுப் பெயரைச் சேர்க்கும், அடியில் ஒரு வரி ஒட்டும். டிகிம் உடைந்துவிடும். 2014 ஏப்ரலில் யாஹூ ரிஜெக்டுக்கு மாறியபோது உலகம் முழுக்கக் குழுக்களில் இதனால் பெரிய ரகளை. யாஹூ முகவரிக்காரர் எழுதினால் மற்றவர்களுக்குப் போய்ச் சேராது, திரும்பி வந்த மெயில்களை எண்ணி மென்பொருள் மற்றவர்களைக் குழுவிலிருந்து நீக்கிவிடும். அதன் பிறகுதான் ஃப்ரம் வரியைக் குழுவின் முகவரியாக மாற்றி அனுப்பும் பழக்கம் பரவியது.

16 ஜூன்

"ஏஆர்சி என்று ஒன்று வந்து இந்த ஃபார்வர்டு, குழுச் சிக்கலைத் தீர்த்துவிட்டதே?" என்று ஒருவர் கேட்கிறார். இல்லை, ஏஆர்சி இதைத் தீர்த்துவிடவில்லை. 2019இல் ஆர்எஃப்சி 8617. நடுவில் இருப்பவர் "எனக்கு வந்தபோது சரியாக இருந்தது" என்று முத்திரை வைப்பார். அவரை நம்பலாமா என்று பெறுகிறவர் முடிவு செய்யவேண்டும். பெரிய நிறுவனங்கள் தங்களுக்குள் நம்பிக்கொள்ளலாம். நம் ஊர் சர்வரின் முத்திரையை யார் மதிப்பார்கள்?

2 ஜூலை

குழித்துறைத் தம்பி டிமார்க் அறிக்கைகளை எனக்கு அனுப்பினார். இதற்காகவே டிமார்க் போடலாம் என்பேன். கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ எல்லாம் தினம் ஒரு ஜிப் ஃபைல் அனுப்பும். உள்ளே எக்ஸ்எம்எல்: எந்த ஐபியிலிருந்து (அனுப்பிய சர்வரின் எண் முகவரி), உங்கள் பெயரில், எத்தனை மெயில், எது பாஸ், எது ஃபெயில். மெயிலில் என்ன எழுதியிருந்தது என்பது வராது, பயப்பட வேண்டாம்.

அவருடைய அறிக்கையில் பெரும்பகுதி கூகுள் ஐபி, எல்லாம் பாஸ். அடுத்து இன்வாய்ஸ் அனுப்புகிற பில்லிங் மென்பொருள்: எஸ்பிஎஃப் பாஸ்தான், ஆனால் அவர்களுடைய டொமைனுக்கு, அதனால் டிமார்க் ஃபெயில். உண்மையான இன்வாய்ஸ்கள் இவை. முதல் நாளே ரிஜெக்ட் போட்டிருந்தால் திரும்பிப் போயிருக்கும். ரிஜெக்ட் வேண்டாம் என்று சொன்னது இதற்குத்தான். பில்லிங் கம்பெனியிடம் கேட்டால் உங்கள் டொமைனிலேயே டிகிம் கையெழுத்துப் போட வழி தருவார்கள், கேளுங்கள். மிச்சம் சில ஐபிகள் அவருக்குச் சம்பந்தமே இல்லாத நாடுகளில். அண்டி ஆபீஸ் பெயரில் அங்கிருந்து மெயில் கிளம்பிக்கொண்டிருக்கிறது. இது நடப்பதே அவருக்கு இத்தனை காலம் தெரியாது. துபாய்க்காரர் போன் செய்ததால் ஒன்று மட்டும் வெளியே வந்தது.

20 ஜூலை

மார்த்தாண்டத்தில் ஒரு நர்ஸ் பிள்ளையின் அப்பா ஒரு மெயிலோடு வந்தார். லண்டன் ஆஸ்பத்திரியில் வேலை, விசா செலவுக்கு முன்பணம் கட்டவேண்டும். போனில் பார்த்தால் ஆஸ்பத்திரியின் முழுப்பெயர் மட்டும் தெரிகிறது. பெயரைத் தட்டினால் கீழே விரிகிறது முகவரி: இலவச மெயில் கணக்கு ஒன்று. கம்ப்யூட்டரில் ஷோ ஒரிஜினல் போட்டேன். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் பாஸ். பாஸ்தான் ஆகும். அந்த இலவச மெயில் நிறுவனத்திலிருந்து உண்மையாகவே வந்த மெயில் அது. காட்சிப் பெயரில் யார் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், இந்த மூன்றில் எதுவும் அதைச் சோதிப்பதில்லை.

நம் மாவட்டத்தில் இது எத்தனை வீட்டை உலுக்குகிறது என்று உங்களுக்குத் தெரியும். நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகிறார்கள். மெயிலை ஆராய்ச்சி செய்வதற்கு முன் ஏஜென்டின் பெயரை வெளியுறவுத் துறையின் இமைகிரேட் (eMigrate) தளத்தில் தேடுங்கள், அரசிடம் பதிவு பெற்றவர்கள் பட்டியல் அங்கே இருக்கிறது. சென்னையில் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே ஒன்று உண்டு. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930.

அந்த அப்பா பணம் கட்டவில்லை. பிள்ளைக்குத்தான் முகம் வாடிப்போயிற்று.

11 ஆகஸ்ட்

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, "மூன்றும் பாஸ், முகவரியும் அவர்களுடைய சொந்த டொமைன், அப்போது நம்பலாம்தானே?" என்று ஒருவர் கேட்கிறார். இதற்கு ஒரு சம்பவம் சொல்லவேண்டும்.

கொளச்சலில் படகு எஞ்சின் உதிரிபாகம் இறக்குமதி செய்கிறவர் எனக்குத் தெரிந்தவர். கணக்குப் பார்க்கிற பெண் கெட்டிக்காரி, நான் சொல்லிக்கொடுத்ததை மறக்காமல் செய்கிறவள். சப்ளையரிடமிருந்து புதிய அக்கவுண்ட் எண்ணோடு மெயில் வந்தது. பழைய பேச்சுவார்த்தையின் அதே இழையில், பழைய மெயில்கள் கீழே தொங்க. அவள் ஷோ ஒரிஜினல் பார்த்தாள். மூன்றும் பாஸ், டொமைன் சப்ளையருடையது. பணத்தை அனுப்பிவிட்டாள். சப்ளையரின் மெயில்பெட்டிக்குள்ளேயே திருடன் உட்கார்ந்திருந்தான். பாஸ்வேர்டைத் திருடி உள்ளே நுழைந்து, இவர்கள் அனுப்பும் பதில்கள் சப்ளையர் கண்ணில் படாமல் வேறு ஃபோல்டருக்குப் போகிறமாதிரி ஃபில்டர் போட்டிருந்தான்.

"எல்லாம் பாஸ்னு தானே காட்டிச்சு அண்ணா" என்று அவள் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. பேங்குக்கு ஓடி ஸ்விஃப்ட் (நாடுவிட்டு நாடு பேங்குகள் பேசிக்கொள்ளும் வலை) வழியாகத் திரும்பக் கேட்டார்கள், ஒரு பகுதிதான் வந்தது.

மூன்றும் பாஸ் என்றால் அந்த டொமைனின் வாசல் வழியாக வந்தது என்று அர்த்தம். வாசலில் நிற்பவன் யார் என்று அது சொல்லாது. அக்கவுண்ட் மாறுகிறது என்றால், மெயிலில் இருக்கிற நம்பருக்கு இல்லாமல், பழைய இன்வாய்ஸில் இருக்கிற நம்பருக்குக் கூப்பிட்டு, பழகிய குரலிடம் கேட்கவேண்டும். குழித்துறைத் தம்பியின் துபாய் பார்ட்டி செய்தது அதைத்தான். தம்பியைக் காப்பாற்றியது அந்தப் போன்தான்.

அதனால் டிமார்க் வேண்டாம் என்று ஆகாது. வெளியில் இருந்துகொண்டே உங்கள் பெயரைப் போட்டு அனுப்ப முடிந்தால், அவனுக்குச் செலவே இல்லை. அது முடியாமல் போனால், பெட்டியை உடைக்கவேண்டும், அல்லது உங்கள் பெயரைப் போலவே ஒரு டொமைன் வாங்கவேண்டும்; ஆங்கில எம் (m) இருக்கிற இடத்தில் ஆர் (r), என் (n) இரண்டையும் ஒட்டிவைத்தால் போனில் வித்தியாசம் தெரியாது. இரண்டுமே அவனுக்கு வேலை, இரண்டிலும் தடயம் விழும்.

3 செப்டம்பர்

கன்னியாகுமரி லாட்ஜ்காரர்களுக்கு. வெப்சைட்டுக்காக டொமைன் வாங்கி, புக்கிங் மட்டும் ஜிமெயிலில் வைத்திருக்கிறீர்கள். மெயில் அனுப்பாத டொமைன்தானே என்று விட்டுவைக்காதீர்கள், போலிக்கு அதுதான் வசதி. வெறும் மைனஸ் ஆல் மட்டும் இருக்கிற எஸ்பிஎஃப், ரிஜெக்ட் சொல்கிற டிமார்க், இரண்டு வரி போட்டுவிடுங்கள். இங்கே யோசிக்கவோ அறிக்கைக்குக் காத்திருக்கவோ எதுவும் இல்லை, இன்றைக்கே செய்யலாம். சீசனில் சபரிமலை கூட்டம் முன்பணம் அனுப்புகிற நேரம் இது பிரயோஜனப்படும்.

4 நவம்பர்

பேங்குகள் தங்கள் தள முகவரியை டாட் பேங்க் டாட் இன்னுக்கு (.bank.in) மாற்றியது பற்றி. ரிசர்வ் வங்கி பிப்ரவரியில் அறிவித்தது, அக்டோபர் 31 கெடு. பதிவு செய்து தருவது ரிசர்வ் வங்கி நிறுவிய ஐடிஆர்பிடி மட்டும், பேங்க் அல்லாதவருக்குக் கிடைக்காது. இதை நான் மனதார வரவேற்கிறேன். பேங்க் பெயரோடு ஏதாவது சொல்லை ஒட்டி டொமைன் வாங்குகிற தந்திரத்துக்கு இது நேரான பதில். முகவரியின் கடைசியில் என்ன இருக்கிறது என்று பார் என்று ஒரு பாட்டிக்குக்கூடச் சொல்லிக்கொடுக்கலாம். எஸ்பிஎஃப்பைச் சொல்லிக்கொடுக்க முடியாது. ஆனால் அந்த டொமைன்களுக்கும் டிமார்க் ரிஜெக்டில் நின்றால்தான் இது முழுசாகும். இல்லாவிட்டால் கடைசியையும் சேர்த்தே ஃப்ரம் வரியில் எழுதிவிடுவான்.

18 நவம்பர்

குழித்துறைத் தம்பி ரிஜெக்டுக்கு மாறிவிட்டார். நடுவில் கொஞ்ச காலம் குவாரன்டைனில், அதாவது ஸ்பேமில் போடு என்பதில், வைத்துப் பார்த்தார். பில்லிங் கம்பெனி டிகிம் கொடுத்தது. வெளிநாட்டு ஐபிகளிலிருந்து வருகிறவை இப்போது அறிக்கையில் ரிஜெக்ட் என்று விழுகின்றன, எண்ணிக்கையும் சரிந்துகொண்டே வருகிறது. போகாத கடிதத்தை எத்தனை நாள் அனுப்புவான்? இருந்தாலும் ரிஜெக்ட் என்பது வேண்டுகோள்தான். டிமார்க்கையே பார்க்காத சின்ன ஆபீஸ் சர்வருக்கு அது கேட்காது. துபாய் பார்ட்டி ஜிமெயிலில் இருப்பதால் அந்தக் கவலை இல்லை. கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து மொத்தமாக அனுப்புகிறவர்களிடம் மூன்றையும் கட்டாயம் ஆக்கியிருக்கின்றன, 2025 மே மாதம் அவுட்லுக்கும் சேர்ந்துகொண்டது. கூகுளுக்கும் அவுட்லுக்குக்கும் தினம் 5000 மெயில் என்ற அளவில் அனுப்புகிறவர்களுக்கான விதி அது, அண்டி ஆபீஸுக்குப் பொருந்தாது. ஆனால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரிகிறது.

"அப்போ எஸ்பிஎஃப் பிரயோஜனம்தானே?" என்று அவரே இன்று கேட்டார். தனியாக வைத்தால் இல்லை. டிமார்க்குக்கு ஒரு காலாக நின்றால், ஆம்.

ஒரே ஒரு ஐபி மட்டும் இன்னும் ஃபெயில் ஆகிறது. ஆபீஸில் இருக்கிற ஸ்கேனர், ஷிப்பிங் பில்லை ஸ்கேன் செய்து நேராக மெயில் அனுப்புகிறது, பழைய ஹோஸ்டிங் சர்வர் வழியாக. அந்த சர்வரில் நூற்றுக்கணக்கான மற்ற தளங்களும் குடியிருக்கும், அதற்காக அதை எஸ்பிஎஃப்பில் சேர்க்காதீர்கள். ஸ்கேனரின் செட்டிங்கில் வொர்க்ஸ்பேஸின் எஸ்எம்டிபி முகவரியைப் போட்டு, அதற்கென்று தனிக் கணக்கும் ஆப் பாஸ்வேர்டும் கொடுங்கள். மாடல் பழசாக இருந்து டிஎல்எஸ் (மெயிலை வழியில் யாரும் படிக்காதபடி பூட்டி அனுப்பும் வசதி) வரவில்லை என்றால் மாடல் எண்ணை இங்கே எழுதுங்கள், பார்க்கிறேன்.